வயலில் நாலு துண்டு, வகுப்பில் ஒரு கேள்வி

நம் குடியிருப்பில் பல வீட்டுக்காரர்களுக்கு கிராமத்தில் ஒரு காணியோ அரைக் காணியோ இருக்கிறது. சின்னசேலம் பக்கம், சங்கராபுரம் பக்கம், தியாகதுருகம் பக்கம், ஓரிருவருக்குக் கல்வராயன் மலையிலேயே. அறுவடை முடிந்து சில மாதம் ஆனதும் ஒரு பேச்சு வரும்: "அந்த ஊருக்குப் பயிர் இன்சூரன்ஸ் வந்ததாமே, நம்ம ஊருக்கு ஏன் வரல?" நடைப்பயிற்சியின்போது என்னிடமும் கேட்கிறார்கள், பேங்கில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில். உண்மையைச் சொன்னால், சர்வீஸில் இருந்தவரை எனக்கும் தெரியாது.

என் கிளையில் பயிர்க்கடன் லெட்ஜர் சில ஆண்டுகள் என் மேஜையில் இருந்தது. அப்போது தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம் நடந்தது. கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒரு நாள் கரியாலூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மக்காச்சோளம் போட்டு மொத்தமும் காய்ந்துபோயிருந்தது. "எங் கொல்லையில ஒண்ணும் வரலீங்க சார். பணம் மட்டும் புடிச்சிக்கிட்டீங்க. எங் கொல்லைய யாரு வந்து பாத்தாங்க?" என்று கேட்டார். "உங்க கொல்லையைப் பார்க்க மாட்டாங்க பெரியவரே, பகுதி சராசரியைத்தான் பார்ப்பாங்க" என்றேன். "அந்தச் சராசரிய யாரு பாத்தாங்க?" என்றார். பதில் தெரியாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

2023 ஆகஸ்ட் 22-ஆம் தேதி சி. ஆர். ராவ் தம் 102-ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றிய இரங்கல் கட்டுரைகளைப் படிக்க உட்கார்ந்தேன். ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் அந்தப் பெரியவரின் கேள்வியிலேயே வந்து நின்றது. அந்தக் கதைதான் இது.

முதலில் சராசரியை யார் பார்த்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் மகசூல் கணக்கு என்பது அணாக் கணக்கு. நல்ல வெள்ளாமை பதினாறு அணா என்று வைத்துக்கொண்டு, இந்த வருஷம் பன்னிரண்டு அணா, எட்டு அணா என்று கிராமத்துக் கணக்குப்பிள்ளை கண்ணால் பார்த்து எழுதுவார். அது தாலுகா வழியாக மேலே போகும். அதிகாரிகள் சில இடத்தில் அறுத்தும் பார்த்தார்கள். ஆனால் 'சராசரியான வயல்' எது என்று அவர்களே கண்ணால் தேர்ந்தெடுத்தார்கள். சராசரியைக் கண்டுபிடிக்கத்தான் அறுக்கிறோம். எது சராசரி என்று அதற்கு முன்பே எப்படித் தெரியும்?

இந்த ஓட்டையைப் பிடித்தவர் ஜான் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. பீகார், ஒரிசாவில் 1923 முதல் 1925 வரை நெல் வயல்களில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து அறுத்தார். ஒரு ஏக்கரில் 3,200-ல் ஒரு பங்கு அடைக்கும் முக்கோணச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் விழுந்த கதிரை மட்டும் அறுத்து நிறுத்தார். 1927-ல் அது சிறு நூலாக வெளிவந்தது. பின்னாளில் ஒரிசாவின் முதல் கவர்னர் ஆனவர் இவர்தான். இந்த வேலை தம் முறைகளை மிகவும் பாதித்தது என்று இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஃபிஷர் யார் என்று பி.காம். படித்த எனக்கே தெரியாது. திட்ட விலக்கம் என்றால் சூத்திரம், ஐந்து காலம் போட்ட அட்டவணை, பத்து மார்க் என்பதோடு எங்கள் படிப்பு முடிந்தது. ஃபிஷர் 1919-ல் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பல்லாண்டு விளைச்சல் கணக்குகள் அங்கே குவிந்து கிடந்தன. 1922-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'கோட்பாட்டுப் புள்ளியியலின் கணித அடித்தளங்கள்' என்றுதான் பொருள்படும். இன்று உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் பாதிச் சொற்கள் அந்தக் கட்டுரையிலும் 1925-ல் வந்த அதன் தொடர்ச்சியிலும் பிறந்தவை.

அதில் நமக்கு வேண்டியது ஒன்று: ஒரு மாதிரியில் எவ்வளவு 'தகவல்' இருக்கிறது என்பதை அளக்கலாம் என்றார் ஃபிஷர். எப்படி? ஊரின் உண்மையான சராசரி கொஞ்சம் மாறினால், நாம் கண்ட எடைகள் கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு மாறும் என்று பார்க்க வேண்டும். வெகுவாக மாறினால் அந்த எடைகள் சராசரியைப் பற்றி நிறையச் சொல்கின்றன. மாறவே இல்லையென்றால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே சீரான வயல்வெளியில் ஒரு துண்டு அறுத்தால் நிறையத் தகவல். மேடும் பள்ளமுமான இடத்தில் அதே ஒரு துண்டில் சொற்பம்தான். மாதிரிகள் ஏராளமாக இருந்தால், நல்ல மதிப்பீட்டின் பிழை இந்தத் தகவல் அளவால் தீர்மானமாகிறது என்று அவர் காட்டினார். 'ஏராளமாக இருந்தால்' என்ற இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கல்கத்தா. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்காளத்தின் சணல் சாகுபடியை மாதிரி முறையில் அளக்கும் பெரிய வேலையை எடுத்துக்கொண்டார். எல்லா வயலையும் எண்ணுவதைவிட, சிலவற்றைக் குலுக்கி எடுத்து ஒழுங்காக அளந்தால் செலவும் குறைவு, கணக்கும் நம்பத்தக்கது என்று நாட்டுக்கே காட்டியது அந்த வேலை.

அந்த நிறுவனத்துக்கு 1941 ஜனவரி 1-ஆம் தேதி வந்து சேர்ந்தவர்தான் சி. ஆர். ராவ். 1920-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்து ஹடகலியில் பிறந்தவர். எட்டாவது பிள்ளை, அதனால் கிருஷ்ணன் பெயர் வைத்தார்களாம். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணித எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மனுப் போட்டார். மனு தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் கிடைக்கவில்லை. ராணுவ சர்வே பிரிவில் கணக்கு தெரிந்த ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுக் கல்கத்தா போனார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. தங்கியிருந்த ஓட்டலில் சந்தித்த ஒருவர், மஹலனோபிஸிடம் பயிற்சிக்கு வந்திருப்பதாகச் சொல்ல, போய்ப் பார்த்திருக்கிறார். தபால் தாமதத்தால் ஒரு வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புகிறது பாருங்கள். 1943-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் எம்.ஏ. பட்டத்தைத் தங்கப் பதக்கத்தோடு வாங்கினார். அடுத்த ஆண்டே அங்கே வகுப்பும் எடுத்தார்.

1944. வகுப்பில் ராவ் நடத்திய பாடம் மதிப்பீட்டுக் கோட்பாடு. மாதிரிகள் ஏராளமாக இருந்தால் பிழைக்கு ஒரு கீழ் எல்லை உண்டு என்ற ஃபிஷரின் முடிவைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அப்போது ஒரு மாணவர் கேட்டார்: மாதிரிகள் கொஞ்சமாக இருந்தால் என்ன ஆகும், அதற்கும் இப்படி ஓர் எல்லை சொல்ல முடியாதா?

வாத்தியாருக்கும் மாணவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ராவ் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். மறுநாள் விடையோடு வகுப்புக்கு வந்தார். முடியும். நாலே நாலு மாதிரி இருந்தாலும் முடியும். ஒருதலைச் சாய்வு இல்லாத எந்த மதிப்பீட்டு முறையை நீங்கள் கண்டுபிடித்தாலும், அதன் பிழை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது. அந்த அளவை மாதிரியில் உள்ள தகவலே நிர்ணயிக்கிறது. செக்கில் போட்ட எள்ளில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது. மாட்டை மாற்றினாலும் வராது, மோட்டார் வைத்தாலும் வராது.

இதை 1945-ல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். மொத்தம் பதினோரு பக்கம். சுவீடனில் ஹெரால்ட் கிராமரும் அதே காலத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அதனால் 'கிராமர்–ராவ் சமனின்மை' என்று பெயர். அதே பதினோரு பக்கத்தில் இன்னொரு முத்தும் இருக்கிறது. சுமாரான ஒரு மதிப்பீட்டை எடுத்துச் செப்பனிட்டு மேம்படுத்தும் வழி அது. உதாரணமாக, நாலு துண்டு அறுத்துவிட்டு முதல் துண்டின் எடையை மட்டும் வைத்து ஊர் சராசரி சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது தப்பான வழி என்று சொல்ல முடியாது, வீணான வழி. ராவின் முறையில் அதைச் செப்பனிட்டால், நாலின் சராசரியில் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் டேவிட் பிளாக்வெல் இதையே தனியாகக் கண்டார். கிராமர்–ராவ் எல்லை இல்லாமல் ரேடார் கணக்கும் இல்லை, மின்னணு சிக்னல் கணக்கும் இல்லை என்கிறார்கள். அது எனக்குப் பிடிபடாத சங்கதி. நம் ஊர் வயலுக்கே வருகிறேன்.

கேள்வி கேட்ட மாணவரின் பெயர் வி. எம். தண்டேகர். பின்னாளில் புனேயின் கோகலே நிறுவனத்தில் பெயர்பெற்ற பொருளாதார அறிஞர். நீலகண்ட ரத்துடன் சேர்ந்து 1971-ல் இந்தியாவின் வறுமையை அளந்து எழுதியவர். இந்தப் பெயரைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பயிர்க் காப்பீடு பற்றி எங்கள் பயிற்சி வகுப்பில் கொடுத்த குறிப்பில் இதே பெயரைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் பயிர்க் காப்பீட்டின் தந்தை என்று சொல்லப்படுபவர் இவர்தான்!

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1972-ல் குஜராத்தில் பருத்திக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, பிறகு வேறு சில மாநிலங்களிலும் சில பயிர்களுக்கு நடத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு விவசாயியின் நஷ்டத்தையும் தனித்தனியாக மதிப்பிடும் திட்டம், அதாவது கரியாலூர்ப் பெரியவர் கேட்டது போலவே. 1978 வரை மொத்தம் 3,110 விவசாயிகள் சேர்ந்தார்கள். வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். லெட்ஜர் பார்த்துப் பழகிய எவனுக்கும் இது எங்கே போகும் என்று தெரியும். போதாததற்கு, லட்சக்கணக்கான விவசாயிகளின் ஒவ்வொரு வயலையும் போய்ப் பார்க்க யாரிடம் ஆள் இருக்கிறது?

தண்டேகர் 1976-ல் மாற்று சொன்னார். ஒரே மாதிரியான ஒரு பகுதியை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் சராசரி மகசூலை மாதிரி அறுவடை மூலம் மதிப்பிடுங்கள். அது குறைந்தால் அங்குள்ள எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு கொடுங்கள். 1979-ல் சோதனைத் திட்டமும், 1985-ல் நாடு தழுவிய திட்டமும் இந்த வழியில் வந்தன. 1999-ல் வந்தது, 2016 முதல் இன்றுவரை நடக்கும் பிரதம மந்திரி திட்டம் எல்லாமே இதன் வாரிசுகள்தான். 'மாதிரி கொஞ்சமாக இருந்தால்?' என்று 1944-ல் கேட்டவர், கொஞ்சமான மாதிரியை வைத்துக் கோடிக்கணக்கான ரூபாயைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று நடப்பது என்ன? கிராமத்தை அலகாக அறிவித்திருந்தால், ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது நாலு அறுவடைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. சர்வே எண்ணைக் குலுக்கி எடுக்கிறார்கள். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து குலுக்கி எடுத்த எண்ணிக்கைப்படி காலடி வைத்துப் போய், நெல்லானால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். கடந்த 7 ஆண்டில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியில் ஒரு சதவீதம் 'உத்தரவாத மகசூல்'. அதற்குக் கீழே போனால் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் இழப்பீடு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உத்தரவாத மகசூல் துண்டுக்கு 11 கிலோ. ஊரின் உண்மையான சராசரி 10 கிலோ, அதாவது இழப்பீடு வந்தாக வேண்டிய ஊர். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.33,000 என்றால் பதினொன்றில் ஒரு பங்கு, ரூ.3,000 வர வேண்டும். துண்டுக்குத் துண்டு எடை வித்தியாசப்படும். அந்தத் திட்ட விலக்கம் 3 கிலோ என்று வையுங்கள். நாலு துண்டின் சராசரியில் பிழை, மூன்றை நாலின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்து, ஒன்றரைக் கிலோ. வழக்கமான மணி வடிவ வளைகோட்டின்படி, இந்த ஊரின் நாலு துண்டு சராசரி 11 கிலோவைத் தாண்டிவிட ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தாண்டினால் ஊருக்கே ஒரு பைசா கிடையாது. யாரும் தப்பு செய்யவில்லை, கயிறும் தராசும் சரி; அப்படியும் நாலில் ஒன்று. எதிர்ப்பக்கமும் உண்டு: உண்மையில் 12 கிலோ விளைந்த ஊருக்கு இழப்பீடு வந்துவிட அதே நாலில் ஒரு வாய்ப்பு. 'பக்கத்து ஊருக்கு வந்தது, நமக்கு ஏன் வரல' என்ற கேள்விக்கு ஒரு பாதி பதில் இதில் இருக்கிறது.

வேறு ஏதாவது சூத்திரம் போட்டு இந்தப் பிழையைக் குறைக்கலாமே என்றால், அங்கேதான் ராவ் குறுக்கே நிற்கிறார். இந்த வளைகோட்டின்படி ஏற்ற இறக்கம் இருக்கிறவரை, சாதாரணச் சராசரியே அவருடைய எல்லையைத் தொட்டுவிடுகிறது. அந்த நாலு எடைகளிலிருந்து இதற்கு மேல் பிழிய முடியாது. பிழையைப் பாதியாக்க வேண்டுமா, துண்டை நாலு மடங்காக்க வேண்டும். 16 துண்டு அறுத்தால், அந்த நாலில் ஒரு வாய்ப்பு பதினொன்றில் ஒன்றாகக் குறையும். ஆள், கூலி, நேரம் எல்லாம் அதற்கேற்ப ஏறும்.

மலைக்கு இதைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கோமுகி பாசனத்தில் ஒரே சீராக நிற்கும் நெல் ஒரு விதம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சரிவில் ஒரு கொல்லை, பள்ளத்தில் ஒரு கொல்லை, ஒன்றில் மண் ஆழம், ஒன்றில் பாறை. சாமையோ மக்காச்சோளமோ மரவள்ளியோ, பத்தடி தள்ளினால் வேறு விளைச்சல். அங்கே திட்ட விலக்கம் சமவெளியைப்போல இரண்டு மடங்கு என்று வைத்தால், ஒவ்வொரு துண்டும் கொண்டுவரும் தகவல் காலே கால். சமவெளியில் நாலு துண்டு சொல்வதை மலையில் சொல்ல 16 துண்டு வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கை அறுப்பது காகிதத்தில் சமமாகத் தெரியும், கணக்கில் சமமில்லை. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பகுதிக்கு அதிக மாதிரி ஒதுக்க வேண்டும் என்று ஜெர்சி நேமன் 1934-லேயே எழுதிவிட்டார். தண்டேகரும் 'ஒரே மாதிரியான பகுதி' என்று அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். என் எண்ணத்தில், திட்டத்தில் நீர்த்துப்போனது அந்த இரண்டு வார்த்தைகள்தான். நிர்வாக எல்லையை வரைபவர் மண்ணைப் பார்த்து வரைவதில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ராவின் எல்லை, சாய்வு இல்லாத மதிப்பீட்டுக்குத்தான் பொருந்தும். சாய்வு இருந்தால் எத்தனை துண்டு அறுத்தாலும் அது போகாது. மஹலனோபிஸ் சின்னச் சின்ன வட்டங்களில் அறுத்ததை, நேமன் காலத்து லண்டனில் படித்துத் திரும்பிய பி. வி. சுகாத்மே எதிர்த்தார். துண்டு சிறிதானால் ஓரத்தில் நிற்கும் சந்தேகமான கதிரையெல்லாம் அறுப்பவன் உள்ளே சேர்த்துவிடுகிறான், மகசூல் கூடிக் காட்டுகிறது என்று 1946-ல் எழுதினார். இருவருக்கும் பெரிய சண்டை. 33 அடிக்கு 16½ அடி துண்டைத்தான் சுகாத்மே பக்கத்தினர் விரும்பினார்கள். இன்றைய 25 சதுர மீட்டர் அதில் ஏறக்குறைய பாதி. ஓரத்துக் கதிர் மட்டுமா? நல்ல பயிர் நிற்கும் பக்கம் ஒரு காலடி தள்ளிக் கயிறு கட்டினால் ஒரு தரப்புக்கு லாபம், சோடையான பக்கம் தள்ளினால் மறு தரப்புக்கு லாபம். இதற்காகத்தான் இப்போது கைபேசியில் படமும் இடக்குறியும் எடுக்கிறார்கள். முன்பிருந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் சொல்வேன்.

உங்களில் நிலம் உள்ளவர்களுக்கு இரண்டு விஷயம். ஆலங்கட்டி மழை, மலையில் நிலச்சரிவு போன்றவற்றால் உங்கள் வயலில் மட்டும் சேதம் என்றால் சராசரிக்குக் காத்திருக்க வேண்டாம். தனி வயலையே பார்ப்பதற்கு விதி இருக்கிறது, ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, உங்கள் ஊரில் எத்தனை துண்டு, எந்தச் சர்வே எண்களில், எந்தத் தேதியில் அறுக்கிறார்கள் என்று அறுவடைக்கு முன்பே வி.ஏ.ஓ.விடமும் வேளாண் அலுவலரிடமும் கேட்டு வையுங்கள். அன்றைக்கு வயலில் போய் நில்லுங்கள். தென்மேற்கு மூலை எது என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் விசாரித்த இரண்டு பேருக்குத் தம் சொந்த வயலிலேயே அது தெரிந்திருக்கவில்லை.